நம்பிக்கைகளும் உண்மைகளும்: கார் ரிம் குத்துவிளக்கு அல்ல

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களில் நிற்கும் வண்டிகளின் சக்கரங்களைக் குனிந்து பாருங்கள். உடம்பு முழுக்க மெழுகு பூசிப் பளபளக்கும் காரில்கூட ரிம்மின் விளிம்பு நரைத்திருக்கும். நட்டுகளைச் சுற்றி வெள்ளை இழைகள் ஓடியிருக்கும். ஆரக்கால்களில் செம்புள்ளிகள் அப்பியிருக்கும். கவனிக்காமல் விட்டதால் வந்த சேதம் இதில் ஒரு பங்கு. தப்பாகக் கவனித்ததால் வந்த சேதம் இன்னொரு பங்கு. வருத்தம் தருவது இரண்டாவதுதான், ஏனென்றால் அது அக்கறையுள்ள கைகள் செய்த சேதம்.

நம் வீடுகளில் உலோகம் என்றாலே துலக்க வேண்டிய பொருள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் கறுப்பு கரைந்து பித்தளை மின்னுகிறது. அதே கை, அதே நினைப்போடு அலாய் ரிம்முக்குப் போகிறது. ஆனால் குத்துவிளக்கின் மேல் எந்தப் பூச்சும் கிடையாது. ரிம்மின் மேல் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது. ரிம்மைத் தேய்க்கும்போது நாம் தேய்ப்பது அந்தப் பூச்சைத்தான். பூச்சு இருக்கும்வரை ரிம் இருக்கும். பூச்சு உடைந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். கீழே வரும் எட்டு நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறந்ததால் பிறந்தவை.

நம்பிக்கை 1: "அலாய் ரிம் துருப்பிடிக்காது"

உண்மை: சிவப்புத் துரு பிடிக்காது. ஆனால் அரிக்கும்.

துரு இரும்புக்கு வருவது. பெரும்பாலான கார்களின் அலாய் ரிம் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அதில் சுமார் 7 விழுக்காடு சிலிக்கானும் அரை விழுக்காட்டுக்கும் குறைவான மெக்னீசியமும் கலந்திருக்கும். 1924இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த பந்தயத்தில் புகாட்டி டைப் 35 கார் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு ஓடியது. அந்த உலோகம் சக்கரத்துக்கு வந்ததற்கு முதல் காரணம் எடை: அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அரிப்பே வராது என்று யாரும் அதற்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை.

அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன் மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். பிஹெச் அளவு ஏறத்தாழ 4க்கும் 8.5க்கும் இடையில் இருக்கும்வரை அந்தப் படலம் நிலைத்து நிற்கும். அதற்குக் கீழே போனால் அமிலம் அதைக் கரைக்கும், மேலே போனால் காரம் கரைக்கும். உப்பிலுள்ள குளோரைடு அதை ஊசிமுனைத் துளைகளாகக் குத்தும். அதனால்தான் ஆலையில் ரிம்முக்கு முதலில் ஒரு வேதிப்பூச்சும், மேலே ப்ரைமரும், பிறகு நிறமும், கடைசியாகப் பட்டறைக்காரர்கள் கிளியர் கோட் என்று சொல்லும் நிறமற்ற மேல்பூச்சும் கொடுக்கிறார்கள்.

இந்தக் கிளியர் கோட்டில் ஒரு கீறல் விழட்டும். கீறல் வழியாக ஈரமும் உப்பும் உள்ளே போகும். பூச்சுக்கு அடியில் ஒரு முனையில் உலோகம் கரையும். அந்த முனையில் அமிலம் சேர்ந்துகொண்டே வருவதால் அது முன்னேறியபடி இருக்கும். பின்னால் விட்டுவிட்டுப் போவது வெள்ளையான அலுமினிய ஹைட்ராக்சைடு. மேலே பூச்சு அப்படியே இருக்க, அடியில் நூல்நூலாக ஓடும் இதை இழை அரிப்பு என்பார்கள். கிளியர் கோட்டுக்குள் வெள்ளைக் கோடுகள் கிளைவிட்டுப் போவதைப் பார்த்தால், அது அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். தேய்ப்பது பூச்சின் மேலே, அரிப்போ அடியில்.

டைமண்ட் கட் ரிம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் முகம் லேத்தில் கடைந்த வெறும் உலோகம். பளபளப்பு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே நிறப்பூச்சு இல்லாமல் நிறமற்ற பூச்சை மட்டும் கொடுத்திருப்பார்கள். முழுக்கப் பெயின்ட் அடித்த ரிம்மைவிட அது சீக்கிரம் அரிப்புக்கு ஆளாகும்.

நம்பிக்கை 2: "இங்கே பனி இல்லை, சாலையில் உப்புத் தூவுவதும் இல்லை. ரிம் அரிக்க வாய்ப்பே இல்லை"

உண்மை: நம் காற்றே போதும்.

குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பு ரிம்மைத் தின்கிறது என்பது சரி. ஆனால் இழை அரிப்பு செழிப்பது காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கும் 95 விழுக்காட்டுக்கும் நடுவில் இருக்கும்போது. சிங்கப்பூரில் மழை இல்லாத நாளின் பிற்பகலில்கூட ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்; விடியலுக்கு முன் 90ஐத் தாண்டிவிடும். 1991 முதல் 2020 வரையிலான கணக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 171 மழைநாள், 2,113 மில்லிமீட்டர் மழை. அரிப்புக்கு வேண்டிய பருவநிலை இங்கே ஆண்டு முழுக்க நீடிக்கிறது.

புக்கிட் பாஞ்சாங் தீவின் நடுப்பக்கம், கடற்காற்று வராது என்று ஆறுதல் கொள்பவர்களும் உண்டு. இங்கிருந்து ஜொகூர் நீரிணை சில கிலோமீட்டர்தான். வார இறுதியில் பாசிர் ரிஸ், ஈஸ்ட் கோஸ்ட், பாலம் தாண்டி டெசாரு, மெர்சிங் என்று போய்வரும் கார் அந்தக் கடற்கரைகளின் உப்பைத் தன் சக்கரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறது. மழையில் நனைந்த கார் நிழலான பலமாடி நிறுத்துமிடத்தில் இரவெல்லாம் நிற்கும்போது நட்டுக் குழிகளில் தேங்கிய நீர் மெதுவாகத்தான் காயும். கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றைக்கோ மறுநாளோ நல்ல தண்ணீரால் ரிம்மின் உட்புறம்வரை அலசுங்கள். வேறு எந்த மருந்தும் தேவையில்லை.

நம்பிக்கை 3: "ரிம்மில் தெரியும் செம்புள்ளி ரிம்மின் துருதான்"

உண்மை: அது பிரேக்கிலிருந்து பறந்துவந்த இரும்பு.

பிரேக் பிடிக்கும்போது பேட் வார்ப்பிரும்பு டிஸ்க்கில் உரசுகிறது. இரண்டும் தேய்ந்து, சூடான இரும்புத் துகள்களாகத் தெறித்துக் கிளியர் கோட்டில் ஒட்டிக்கொள்கின்றன. ஈரம் பட்டதும் துருவேறிச் செந்நிறமாகின்றன. புக்கிட் தீமா விரைவுச்சாலை வழியாக உட்லண்ட்ஸ் பாலத்துக்குப் போகும் வரிசையில் நின்று நகர்ந்து, நகர்ந்து நிற்கும் கார்களுக்கு இது தாராளமாகக் கிடைக்கும். ஐரோப்பிய கார்களின் பேடுகளில் உலோகத் துகள் கூடுதலாகக் கலந்திருப்பது வழக்கம். அதனால் முன்சக்கரங்கள் சீக்கிரம் கறுக்கும்.

இந்தப் புள்ளிகளை நார் போட்டுச் சுரண்டினால் இரும்புத் துகளையே உப்புத்தாளாக வைத்து கிளியர் கோட்டைத் தேய்க்கிறோம் என்று பொருள். இதற்கென்றே கடைகளில் அயர்ன் ரிமூவர் கிடைக்கிறது. அதிலுள்ள தயோகிளைக்கோலேட் உப்பு இரும்போடு சேர்ந்து அதைக் கரைத்து எடுக்கும்; கரைவது ஊதா நிறமாக வழிந்து கண்ணுக்குத் தெரியும். அமிலமோ காரமோ இல்லாத நடுநிலை வகையைத் தேர்ந்தெடுங்கள். ரிம் ஆறியிருக்க வேண்டும். தெளித்துச் சில நிமிடம் விட்டு, காய்வதற்குள் அலசிவிட வேண்டும். மணம் கடுமையாக இருக்கும். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுச் செய்யுங்கள்.

நம்பிக்கை 4: "அடுக்களைப் பொருளே போதும்: புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை"

உண்மை: பித்தளைக்கு நல்லது செய்தது அலுமினியத்துக்குக் கெடுதல்.

பித்தளையின் கறுப்பு தாமிர ஆக்சைடு. புளியின் அமிலம் அதைக் கரைக்கும். அடியில் இருக்கும் பித்தளைக்கு அவ்வளவு சீக்கிரத்தில் ஒன்றும் ஆகாது. அலுமினியத்தில் நடப்பது நேர்மாறு: அங்கே ஆக்சைடுதான் காவல். எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் சுமார் 2. புளிக்கரைசலும் கோலாவும் அதே பக்கம்தான். கீறல் விழுந்த இடத்தில் இவற்றை ஊறவிட்டால் காவல் போய்விடும். சாம்பலும் சலவைச் சோடாவும் எதிர்ப்பக்கத்தில் காரமாக நின்று அதையே செய்யும். பற்பசையிலுள்ள தேய்ப்புத் துகள் கிளியர் கோட்டை மங்கவைக்கும். இரும்புக் கம்பி நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கீறலும் போட்டு, அந்தக் கீறலுக்குள் இரும்புத் துணுக்கையும் விட்டுவிட்டுப் போகும்.

அப்பர் புக்கிட் தீமா சாலை முருகன் கோயிலிலோ சிராங்கூன் சாலைக் கோயில்களிலோ புது வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவது நம் வழக்கம். அதனால் ரிம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. டயர் மேல் சிந்திய சாறு ரிம்மில் பட்டிருந்தால் அன்றே தண்ணீர் விட்டு அலசுங்கள். சந்தனத்தைக் காயவிட்டுச் சுரண்டாமல் நனைத்துத் துணியால் துடையுங்கள். வழிபாட்டுக்கும் வண்டிக்கும் பகை கிடையாது.

நம்பிக்கை 5: "கடுமையான திரவம்தான் வேலை செய்யும்"

உண்மை: ரிம்முக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து.

நொடியில் வெளுக்கவைக்கும் சில ரிம் திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைபுளோரைடோ இருக்கும். இரண்டும் அலுமினிய ஆக்சைடைக் கரைப்பவை. கிளியர் கோட்டில் மெல்லிய வெடிப்பு இருந்தாலும் உள்ளே புகுந்து உலோகத்தைப் பால்வெள்ளையாக மங்கடிக்கும். அந்தக் கறையைக் கழுவிப் போக்க முடியாது. எஞ்சின் கிரீஸ் போக்கும் கடுங்காரத் திரவங்களும் அலுமினியத்துக்கு அதே கேடுதான்.

ரிம்மை விடுங்கள், மனிதரைப் பாருங்கள். ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமலேயே போகலாம். புளோரைடு உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்ட அளவு அதிகமானால் இதயத்துடிப்பே குலையும். இரவில் நிறுத்துமிடங்களில் கார் கழுவும் தொழிலாளிகள் குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகச் சக்கரத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். பெயர் ஒட்டாத குப்பியில் வரும் எந்தத் திரவத்தையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அவர்கள் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நடுநிலை கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷும் ஒரு ஜோடிக் கையுறையும் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை. நம் ரிம் பளபளக்க ஒருவர் கை வேக வேண்டியதில்லை.

நம்பிக்கை 6: "கழுவிய தண்ணீர் வடிகாலில் போகட்டுமே, மழைநீரும் அங்கேதானே போகிறது"

உண்மை: மழைநீர் அங்கே போவதால்தான் அழுக்குநீர் போகக் கூடாது.

சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் பிடிப்புப் பகுதி. நாட்டில் 17 நீர்த்தேக்கங்கள் உள்ளன. புக்கிட் பாஞ்சாங்கின் பாங் சுவா கால்வாய் கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. பிரேக் தூசியில் இரும்போடு தாமிரம் போன்ற வேறு உலோகங்களும் இருக்கலாம். நிறுத்துமிடத்து ஓரத்தில் வாளியைக் கவிழ்த்தால் அந்தத் தூசியும் சோப்பும் ரிமூவரும் நாம் குடிக்கும் நீரின் பாதையில் கலக்கின்றன. இது சட்டத்துக்கும் விரோதம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நிறுத்துமிடங்கள் பலவற்றில் கார் கழுவுவதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெட்ரோல் நிலையங்களில் கழுவும் வசதி இருக்கிறது. அந்த நீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். வேறு வழியில்லாத நாளில், நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணிகள் சிலவற்றை மாற்றி மாற்றி வைத்துத் துடையுங்கள். அரை வாளித் தண்ணீரில் நான்கு சக்கரமும் முடிந்துவிடும். மிச்சத்தைக் கழிவறையில் கொட்டலாம்.

நம்பிக்கை 7: "செராமிக் கோட்டிங் போட்டாயிற்று, இனிக் கவலை இல்லை"

உண்மை: அது ஒட்டவிடாமல் தடுக்கும். கீறலைத் தடுக்காது.

செராமிக் கோட்டிங்கின் தடிமன் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். அதனால் நன்மை உண்டு: பிரேக் தூசி ஒட்டுவது குறையும், வெறும் ஷாம்பூவிலேயே அழுக்குப் போய்விடும், கடுந்திரவத்தின் பக்கம் போகவே தேவை இருக்காது. ஆனால் சாலையோரக் கற்கட்டில் ஒருமுறை உரசினால் அதுவும் கிளியர் கோட்டும் சேர்ந்தே போய்விடும். ஏற்கெனவே இழை அரிப்பு தொடங்கிய ரிம்மின் மேல் பூசினால் நோயை உள்ளே வைத்து மூடியதாகும். புது ரிம்முக்கோ, செப்பனிட்ட ரிம்முக்கோ பூசுங்கள். செராமிக் செலவு வேண்டாம் என்றால், ரிம்முக்கான மெழுகை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசினாலும் பலன் உண்டு.

நம்பிக்கை 8: "அரிப்பு அழகுக் குறைதான். பத்து வருடத்தில் வண்டியே போய்விடும்"

உண்மை: அரிப்பு காற்றையும் இறக்கும், சக்கரத்தையும் கழலவிடாது.

டயரின் விளிம்பு ரிம்மில் அழுந்தி உட்காரும் இடம் வெளியே தெரியாது. அங்கே அரிப்பு வந்து மேற்பரப்பு சொரசொரப்பானால் காற்று மெல்லக் கசியும். ஆணியும் இல்லை, வால்வும் சரி, ஆனாலும் வாரத்துக்கு வாரம் காற்று குறைகிறது என்றால் சந்தேகம் இங்கே போக வேண்டும். டயர் கடையில் விளிம்பில் சோப்பு நீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். டயரைக் கழற்றி, அந்த இடத்தைச் சுத்தம் செய்து, சீலர் பூசி மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். காற்றுக் குறைந்த டயர் விரைவுச்சாலையில் சூடேறி வெடிக்கலாம். இதற்குப் பிறகும் இதை அழகுக் குறை என்று சொல்ல முடியுமா?

இன்னோர் இடம் ரிம்மின் நடுவில் உள்ளது. அலுமினிய ரிம்மும் இரும்பு ஹப்பும் நேராகத் தொட்டு நிற்கின்றன. நடுவில் ஈரம் புகுந்தால் இரண்டு உலோகமும் மின்கலம்போல் வேலை செய்து, அலுமினியம் அரித்து ஹப்போடு கவ்விக்கொள்ளும். நட்டை எல்லாம் எடுத்த பிறகும் சக்கரம் வராததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போது அந்த முகத்தை நைலான் பிரஷால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். போல்ட் மரையில் கிரீஸ் தடவ விடாதீர்கள். முறுக்கு அளவு தப்பிவிடும். நட்டை டார்க் ரென்ச்சால், கார் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும்.

பத்து வருடக் கணக்குக்கு வருவோம். 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்ததிலிருந்து வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு என்பது உண்மை. ஆனால் அதை 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 106,000 வெள்ளிக்குப் போனது. இவ்வளவு கொடுத்து வாங்கும் உரிமையைச் சுமப்பது அந்த நான்கு சக்கரங்கள்தான். பத்து ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

என்ன செய்யலாம்?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ரிம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்கள். காரின் உடம்பைக் கழுவும் முன் சக்கரத்தைக் கழுவுங்கள். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் தூசி பட்ட துணி பெயின்ட்டில் படக் கூடாது. முதலில் தண்ணீர் விட்டுத் தளர்ந்த தூசியை ஓட்டுங்கள். பிறகு நடுநிலை ஷாம்பூ, மென்பிரஷ். ஆரக்கால்களின் பின்புறத்தையும் உட்புறத்தையும் மறக்காதீர்கள். நட்டுக் குழிகளில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். அயர்ன் ரிமூவர் செம்புள்ளி தெரியும்போது மட்டும் போதும்.

கற்கட்டில் உரசிய கீறல் புதிதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சுத்தம் செய்து, முழுக்கக் காயவிட்டு, தூக்கி நிற்கும் ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் சமன்செய்து, ப்ரைமர், டச்-அப் பெயின்ட், கிளியர் கோட் என்ற வரிசையில் அடைத்துவிடுங்கள். வெள்ளை இழை ஓடிவிட்டால் மேலே பூசிப் பயனில்லை. பட்டறையில் பழைய பூச்சை உலோகம் தெரியும்வரை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். டைமண்ட் கட் ரிம்மை மறுபடி கடையும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது; அதனால் அதைச் சில முறைதான் செய்ய முடியும். இரண்டாவது முறை அரிப்பு வந்தால் முழுப் பெயின்ட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. விரிசல் கண்ட ரிம்மை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது.

செகார் சாலையிலோ பெட்டிர் சாலையிலோ இந்த வாரம் உங்கள் காரைக் கழுவக் குனியும்போது, எவ்வளவு மின்னுகிறது என்று பார்ப்பதற்கு முன் எங்கே பூச்சு உடைந்திருக்கிறது என்று தேடுங்கள். மினுக்கம் ஒரு மழைக்குப் போய்விடும். அன்றைக்கே அடைத்த கீறலோ அந்த ரிம்மின் ஆயுளைக் கூட்டும், உங்கள் குடும்பத்தைப் பத்திரமாகச் சுமக்கும்.